ஏழாம் பக்கத்துச் சீமோன் அண்ணை

சீமோன் அண்ணை மூன்று பெயர்களில் எழுதினார். எங்கள் வாரப் பத்திரிகையின் ஏழாம் பக்கத்தில் அவர் 'படைநோக்கர்', வன்னிப் போரை வாரா வாரம் ஆராய்ந்து சொல்பவர். பதினான்காம் பக்கத்தில் அவர் 'அபர்ணா'. டொரொன்டோவில் வேலைக்குப் போய் வரும் பெண்களின் காதல் துயரங்களைத் தொடர்கதையாக எழுதி, "அக்கா, உங்களுக்குத்தான் எங்கடை மனசு விளங்குது" என்று கடிதங்கள் வாங்குபவர். மூன்றாவது அவருடைய சொந்தப் பெயர், சீமோன் அமிர்தநாதர். அந்தப் பெயரை 2009ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் ஒரே ஒரு முறைதான் அவர் அச்சில் போட்டார். ஏழாம் பக்கத்தில் வந்த ஒரு கட்டுரையை நம்பி ஒரு குடும்பம் வன்னியை விட்டு வெளிக்கிடாமல் இருந்தது. அந்தக் கட்டுரை எப்படி எழுதப்பட்டது என்பதை அந்தக் குடும்பத்தின் சொந்தக்காரியிடம் சொல்வதா, விடுவதா என்பதுதான் அந்த வருடம் முழுக்க அவரை அரித்த விஷயம்.

நான் பாலேஸ்வரி. அந்தப் பத்திரிகையில் பதினொரு வருடம் தட்டச்சும் பக்க அமைப்பும் செய்தவள். அஜின்கோர்ட்டில் ஒரு ரேக்-அவுட் கடைக்கு மேல்மாடியில் எங்கள் அலுவலகம். கீழே கொத்துரொட்டி போடுகிற சத்தத்தில் மேலே போர் ஆய்வு தயாராகும். சீமோன் அண்ணைக்குக் கணினி ஒத்துவராது. தாள் ஒற்றைகளில் கையால் எழுதிப் புதன்கிழமை பின்னேரம் கொண்டு வந்து தருவார். அவருடைய கையெழுத்தை வாசிக்கத் தெரிந்த ஒரே ஆள் நான். இதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. அந்தப் பெருமையின் பலனை நானும் அனுபவித்தேன்.

அவர் பாசையூரில் பிறந்தவர். எண்பத்து மூன்றுக் கலவரத்தோடு வெளிக்கிட்டுப் பாரிசுக்குப் போய்ச் சேர்ந்தார். எட்டு வருடம் ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவினார். அங்கே சமையல்காரராக இருந்த கிழவர் ஒருவர் இவருக்குப் பிரெஞ்சு படிப்பித்தார். படிப்பித்தார் என்றால் பாதி தூஷணம், மீதி பழைய சண்டைக் கதைகள். அந்தக் கிழவர் கொடுத்த புத்தகத்தில்தான் இவருக்கு மெர்வால் அறிமுகமானான். அதற்குப் பிறகு இவர் வாழ்க்கையில் வேறு ஒருத்தரும் நுழையவில்லை. கலியாணமும் கட்டவில்லை. கட்டாத மனுசன் முப்பது காதல் கதை எழுதினார் என்று நாங்கள் அவரைப் பகிடி பண்ணுவோம். "கட்டினவன் எழுதமாட்டான் பிள்ளை" என்பார்.

ஒக்தாவ் மெர்வால் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக்காரன். தோல் பதனிடுகிறவர் ஒருவரின் மகன். பட்டாளத்தில் சேர்ந்து லெப்டினன்ற் ஆனான். எழுபதாம் ஆண்டு ஜெர்மன்காரரோடு நடந்த போரில் தோற்றுப் பிடிபட்டு ஒரு வருடம் சிறையில் கிடந்தான். திரும்பி வந்தபோது அவனுடைய ஊரே அடுத்த நாட்டுக்குப் போயிருந்தது. வயிற்றுப்பாட்டுக்கு நாவல் எழுதினான், பதினொன்று. எல்லாவற்றிலும் ஒரு விதவையும் ஒரு காயம்பட்ட அதிகாரியும் வருவார்கள். மனத்திருப்திக்கு அந்தத் தோல்வியின் வரலாற்றை மூன்று தடித்த பாகங்களாக எழுதினான். தளபதியிலிருந்து குதிரைக்குப் புல் போட்டவன் வரைக்கும் எல்லோரையும் அதில் ஏசியிருக்கிறானாம். கடைசிக் காலத்தில் பார்வை போய்விட்டது. அப்போதும் மருமகளைக் கொண்டு வாசிப்பித்துத் திருத்திக்கொண்டிருந்தானாம்.

"எல்லாருக்கும் குடுத்தான் பாலேஸ், நல்ல ஏச்சு" என்று சீமோன் அண்ணை ஒருநாள் சொல்லிச் சிரித்தார். "தன்ரை கொம்பனி கிராவில் எண்ட ஊர்ப் பாலத்திலை என்ன செய்தது எண்டதுக்கு மட்டும் நாலு வரி. நாலே நாலு வரி."

தொண்ணூற்றொன்றில் அவர் கனடா வந்தார். ஒஷாவாவில் கார்ப் பாகங்கள் செய்கிற ஒரு தொழிற்சாலையில் பதினேழு வருடம் நின்றார். பஸ்ஸில் போக ஒன்றரை மணித்தியாலம், வர ஒன்றரை மணித்தியாலம். அந்த மூன்று மணித்தியாலத்தில்தான் எல்லாம் எழுதினார். முதலில் அவர் எங்களுக்கு எழுதித் தந்தது மெர்வாலின் வாழ்க்கை வரலாறு. ஒன்பதாவது வாரம் ஆசிரியர் விநாயகமூர்த்தி அதை நிறுத்திவிட்டார். 'ஆர் உந்த வெள்ளைக்காரன், எங்களுக்கு என்ன சொந்தமோ?' என்று வாசகர்கள் கேட்டார்களாம். ஊர் வாயை மூட முடியாது. அதற்குப் பதிலாகத்தான் ஏழாம் பக்கமும் பதினான்காம் பக்கமும் அவருக்குக் கிடைத்தன. மெர்வாலைப் போலவே இவருக்கும் நாவல் ஒரு கையில், போர் ஒரு கையில்.

வன்னிச் சண்டை முற்ற முற்ற ஏழாம் பக்கத்தின் மவுசு ஏறியது. வெள்ளிக்கிழமை காலையில் பலசரக்குக் கடை வாசலில் பேப்பர்க்கட்டு இறங்கிய உடனேயே சனம் நின்றபடி ஏழாம் பக்கத்தைத் திறக்கும். கோயிலில், கொண்டாட்டத்தில், ரிம் ஹோர்ட்டன்ஸ் கோப்பிக் கடையில், எங்கே போனாலும் "படைநோக்கர் என்ன சொல்லியிருக்கிறார்?" என்பதுதான் பேச்சு. படைநோக்கருக்கு வன்னியில் ஒரு சோளம் விற்கிறவனைக்கூடத் தெரியாது. இணையத்தில் நாலு செய்தியை நான் எடுத்துக் கொடுப்பேன். ஒரு வரைபடம் அச்சடித்துக் கொடுப்பேன். மிச்சத்தை அவர் மெர்வாலிடம் எடுப்பார். ஆறு இருந்த இடத்தில் குளம் வரும். திராட்சைத் தோட்டம் பனங்கூடல் ஆகும். பொய் சொல்கிறோம் என்று அவர் நினைக்கவில்லை. போர் எங்கும் ஒரே மாதிரித்தான் நடக்கும், அதன் இலக்கணம் மெர்வாலுக்குத் தெரியும் என்று அவர் மனதார நம்பினார். அதோடு அவர் தொடர்கதைக்காரன். ஒவ்வொரு கிழமையும் 'அடுத்து என்ன' என்று சனம் ஏங்குகிற இடத்தில் கொண்டுபோய் நிறுத்தாவிட்டால் அவருக்குப் பேனா ஓடாது.

2009 தை மாதம் கிளிநொச்சி விழுந்தது. சனம் இடி விழுந்த மாதிரி இருந்தது. அந்தக் கிழமை அவர் கொண்டு வந்த கட்டுரைக்கு 'உள்ளே இழுக்கும் போர்' என்று தலைப்பு. நடப்பது பின்வாங்கல் அல்ல, எதிரியை உள்ளே வரவிட்டுப் பின்னால் கதவைச் சாத்துகிற வேலை என்று எழுதியிருந்தார். நான் தட்டச்சு செய்துகொண்டு போனேன். நான்காவது ஒற்றையில் நின்றுவிட்டேன். 'கிராவில் அசையாது. கதவு கிராவிலில்தான் சாத்தப்படும்' என்று இருந்தது. மெர்வாலைப் பெயர்க்கும்போது ஊர்ப்பெயரை மாற்ற மறந்துபோயிருந்தார்.

தொலைபேசியில் கூப்பிட்டேன். "அண்ணை, வன்னியிலை கிராவில் எங்கை கிடக்கு?"

அவர் சிரித்தார். "ஐயோ, நித்திரைக் கண்ணிலை எழுதினது. எந்த இடம் பொருந்தும், வரைபடத்தைப் பாரும்."

"புதுக்குடியிருப்பு? விசுவமடு?"

"விசுவமடு எண்டு போடும்."

போட்டேன். இரண்டு இடத்தில். எனக்கும் அதில் ஒரு பிழையும் தெரியவில்லை. அதுதான் உண்மை. கீழே கடையில் பாண் முடிந்துபோகும் என்ற அவசரத்தில் பக்கத்தை மூடிவிட்டு இறங்கிப் போனேன்.

எமில்டா சீமோன் அண்ணை இருந்த கட்டடத்திலேயே ஒன்பதாம் மாடியில் இருந்தவள். முதியோர் இல்லம் ஒன்றில் கிழவர் கிழவிகளைக் குளிக்க வார்க்கிற வேலை. தமிழ்ப் பூசைக்கு இருவரும் ஒன்றாகத்தான் போவார்கள். அவளுடைய ஒரே தங்கை செலீன், புருசன் மரியதாஸ், மகள் பிரதீபா, மகன் டிலான் ஆகிய நான்கு பேரும் அப்போது விசுவமடுவில் ஒரு கூடாரத்தில் இருந்தார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை செலீன் எங்கேயோ வரிசையில் நின்று செய்மதித் தொலைபேசியில் அக்காவை எடுத்தாள். மரியதாசின் ஆட்கள் பதினைந்து பேர் காட்டுப் பாதையால் வவுனியாப் பக்கம் போக வெளிக்கிடுகிறார்கள், நாங்களும் போகவா, இருக்கவா, அங்கே ஆக்கள் என்ன சொல்லினம் என்று கேட்டாள். உள்ளே இருக்கிறவளுக்கு ஒன்றும் தெரியாது. வெளியில் இருக்கிற எங்களுக்கு எல்லாம் தெரியும் என்று அவள் நினைத்தாள். நாங்களும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தோம்.

எமில்டா கையில் ஏழாம் பக்கம் இருந்தது. அது போதாதென்று, பத்து நிமிசத்தில் திருப்பி எடு என்று தங்கையிடம் சொல்லிவிட்டு, நாலாம் மாடியில் இருந்த சீமோன் அண்ணைக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்டாள்.

"நான் எழுதினதை வாசிச்சனீங்கள்தானே எமில்டா" என்று அவர் சொன்னார். "இப்ப காட்டுக்குள்ளாலை வெளிக்கிடுறதுதான் ஆபத்து. இருக்கச் சொல்லுங்கோ."

செலீன் இருந்தாள். காட்டுப் பாதையால் போன பதினைந்து பேரில் பதினான்கு பேர் உயிரோடு போய்ச் சேர்ந்தார்கள். தை முடிவதற்குள் விசுவமடு விழுந்துவிட்டது.

அதற்குப் பிறகு சீமோன் அண்ணை எழுதியவை எல்லாம் சொத்தி, ஒன்றும் சரியாக வரவில்லை. மாசி மாதம், தன்னால் இயலாது, ஏழாம் பக்கத்தை வேறு யாரிடமாவது கொடுங்கள் என்று விநாயகமூர்த்தியிடம் கேட்டார்.

"சனம் பேப்பரை எடுக்கிறதே உங்கடை பக்கத்துக்குத்தான். இப்ப விட்டிட்டுப் போனால் எல்லாம் முடிஞ்சுது எண்டு நினைக்குங்கள்" என்றார் ஆசிரியர். "சனத்தின்ரை நம்பிக்கையை உடைக்காதேங்கோ."

எழுதினார். ஒஷாவாத் தொழிற்சாலை அதற்கு முதல் வருடமே அவரை நிற்பாட்டியிருந்தது. பகல் முழுக்க வீட்டில் இருந்து ஒரு பக்கம் எழுத அவருக்கு நாலு நாள் பிடித்தது. பங்குனி, சித்திரையில் எமில்டாவோடு யூனிவர்சிற்றி அவெனியூ ஆர்ப்பாட்டத்தில் போய் நின்றார். பனிக்குளிரில் அவள் கொடி பிடித்தாள், இவர் அவளுடைய தேத்தண்ணிப் போத்தலைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒவ்வொரு நாளும் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டு போவாராம். சொல்லாமல் ரெயின் ஏறி வருவாராம். "செலீன் உயிரோடை வந்திட்டால் சொல்லாமலே விட்டிடலாம் பாலேஸ்" என்று என்னிடம் சொன்னார். அந்த நினைப்பை நான் குறை சொல்லமாட்டேன். நானும் அதற்காகத்தான் பிள்ளையாருக்கு நேர்த்தி வைத்திருந்தேன்.

வைகாசி பதினெட்டாம் திகதி எல்லாம் முடிந்தது. அந்த வெள்ளிக்கிழமைப் பேப்பருக்குப் படைநோக்கர் ஒன்றும் தரவில்லை. ஏழாம் பக்கத்தில் ஒரு ரியல் எஸ்டேட்காரரின் சிரித்த முகத்தை முழுப்பக்கத்துக்குப் போட்டோம். பதினான்காம் பக்கத்துக்கு அபர்ணா ஒழுங்காக எழுதிக் கொடுத்தார். அந்த வாரம் கதாநாயகிக்குக் கலியாணம். பந்தலும் பலகாரமும் கேக்கும் விபரமாக வந்திருந்தன. வாசித்துக்கொண்டே தட்டினேன். இந்த மனுசனுக்கு நெஞ்சில் என்ன கல்லா என்று கோபப்பட்டேன். வேறு எதை எழுதுவதென்று தெரியாமல் அதை எழுதியிருக்கிறார் என்று விளங்க எனக்குக் கனநாள் எடுத்தது.

செய்தி ஆடி மாதம்தான் வந்தது. மரியதாசின் ஒன்றுவிட்ட தம்பி ஒருவன் செட்டிகுளம் முகாமிலிருந்து எமில்டாவுக்கு எடுத்தான். வைகாசி பதினான்காம் திகதி காலையில் முள்ளிவாய்க்காலில் பதுங்கு குழிக்குள் இருந்த நால்வரும் ஷெல்லில் போய்விட்டார்கள். தானே மண் போட்டு மூடினதாகச் சொன்னான்.

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. செத்தவரின் முப்பத்தோராம் நாளுக்கு ஒரு சிறு புத்தகம் அடித்து வந்தவர்களுக்குக் கொடுப்போம். எங்களைப் போலச் சைவக்காரருக்குக் கல்வெட்டு, கிறிஸ்தவ வேதக்காரருக்கு நினைவு மலர். முன்பக்கம் படம், உள்ளே வாழ்க்கை வரலாறு, பிறகு தேவாரமோ செபமோ. டொரொன்டோவில் அந்த வாழ்க்கை வரலாறுகளில் பாதியை எழுதியது சீமோன் அண்ணைதான். அவரிடம் ஒரு அச்சு இருந்தது. 'பாசமிகு தந்தையாய், பண்பின் சிகரமாய்' என்று தொடங்கும். பெயரையும் ஊரையும் மாற்றினால் யாருக்கும் பொருந்தும். செத்தவர் வாழ்நாள் முழுக்கப் பெண்சாதிக்கு அடித்தவராக இருந்தாலும் பொருந்தும்.

எமில்டா அலுவலகப் படியேறி வந்தாள். சீமோன் அண்ணையும் அப்போது அங்கே இருந்தார். எந்த நாளிலிருந்து முப்பத்தொன்றை எண்ணுவது என்று சுவாமியாரைக் கேட்டாளாம். செய்தி வந்த நாளிலிருந்து எண்ணச் சொன்னாராம். நான்கு படங்களை என் மேசையில் வைத்தாள்.

"சீமோன் அண்ணைதான் எழுதவேணும்" என்றாள். "செலீனுக்கு அவரின்ரை எழுத்தெண்டால் விருப்பம். அபர்ணாவின்ரை கதையளை நான் வெட்டி அனுப்புறனான்."

எங்கள் இருவரின் முகத்தையும் அவள் சாதாரணமாகத்தான் பார்த்தாள். படைநோக்கருக்கு ஏதோ உள்தகவல் இருந்தது, அது பிழைத்துப்போனது, யார் என்ன செய்யலாம் என்றுதான் அவள் எடுத்திருந்தாள். ஏசியிருந்தால் எங்களுக்குச் சுகமாக இருந்திருக்கும்.

அடுத்த புதன் அவர் எழுதிக்கொண்டு வந்தார். அதே அச்சு. கடைசியில், 'போர்ச் சூழலில் அகப்பட்டு, வெளியேற வழியின்றி, குடும்பமாக இறைவனடி சேர்ந்தனர்.'

நான் தட்டச்சுப் பலகையிலிருந்து கையை எடுத்தேன். "வெளியேற வழியின்றியோ?" என்று கேட்டேன். "அண்ணை, உது மெர்வாலின்ரை நாலு வரி. உதை நான் அடிக்கமாட்டன். அவளுக்குச் சொல்லுங்கோ. இல்லாட்டில் நான் சொல்லுறன்."

"சொன்னால் அந்த மனுசி உடைஞ்சு போகும் பாலேஸ்."

"அவ எப்பவோ உடைஞ்சிட்டா. நீங்கள் உங்களுக்குப் பயப்பிடுறியள்."

அப்படிச் சொல்ல எனக்கு என்ன தகுதி? ஒன்றுமில்லை. என்றாலும் சொன்னேன். என் வாய் அப்படி.

சனிக்கிழமை காலையில் இருவரும் ஒன்பதாம் மாடிக்குப் போனோம். எமில்டா வேலை உடுப்போடு சாப்பாட்டு மேசையில் இருந்தாள். தேத்தண்ணி தந்தாள். சீமோன் அண்ணை குடிக்காமல் தொடங்கினார். மெர்வாலைப் பற்றி, புத்தகத்தைப் பற்றி, ஏழாம் பக்கம் எப்படி எழுதப்பட்டது என்பதைப் பற்றி. சுற்றி வளைக்காமல் சொன்னார். கனநாள் மனதுக்குள் சொல்லிப் பார்த்திருந்தார் போல.

"எனக்கு வன்னியிலை ஒரு தகவலும் இருக்கேல்லை. ஒரு நாளும் இருக்கேல்லை. தையிலை எழுதினது நூற்று நாற்பது வருசத்துக்கு முந்தின பிரெஞ்சுச் சண்டை. அந்த ஊரின்ரை பேர் கிராவில்."

எமில்டா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பேப்பரிலை விசுவமடு எண்டெல்லோ கிடந்தது."

"ஓம்."

"அது ஆர் போட்டது?"

அவர் வாயைத் திறக்க முதல் நான் சொன்னேன். "நான்தான் அடிச்சனான். எந்த இடம் எண்டு கேட்டு, நான் சொன்ன ரெண்டு ஊர்ப்பேரிலை ஒண்டு."

"மற்றது எது?"

"புதுக்குடியிருப்பு."

அவள் தலையாட்டினாள். பக்கத்து வீட்டில் யாரோ கிரைண்டர் போட்டார்கள். நான் அழுதேன். அவள் அழவில்லை, என்னை அழாதே என்றும் சொல்லவில்லை. சீமோன் அண்ணை சட்டைப் பையிலிருந்து ஒரு ஒற்றையை எடுத்து மேசையில் வைத்தார். நினைவு மலருக்கு அவர் திரும்ப எழுதியது. கிராவில், விசுவமடு, தொலைபேசியில் தான் சொன்ன வார்த்தை எல்லாம் அதில் இருந்தன. அடியில் அவருடைய சொந்தப் பெயர்.

எமில்டா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதையும் வாசித்தாள். பிறகு மடித்து அவர் பக்கம் தள்ளினாள்.

"இதை நான் போடமாட்டன்."

"எமில்டா, நான் மனசார..."

"உங்களை மன்னிச்சிட்டன் எண்டு நினையாதேங்கோ. மன்னிக்கேல்லை" என்றாள். சத்தம் உயரவே இல்லை. "இது செலீனின்ரை புத்தகம். அதுக்குள்ளை உங்களுக்கும் உந்த வெள்ளைக்காரனுக்கும் என்ன வேலை? அவளின்ரை வாழ்க்கையை நானே எழுதுறன். எனக்குப் பிழை வரும், வரட்டும். நீங்கள் உங்கடை பேப்பரிலை எழுதுங்கோ. பிழையை விட்ட இடம் அதுதானே. என்னைப் போல எத்தினை பேர் அதை வாசிச்சிருப்பினம்."

எழுந்து கதவைத் திறந்தாள். நாங்கள் போனோம்.

நாலு நாள் கழித்து அவளுடைய எழுத்து வந்தது. கொப்பித் தாளில் மூன்று பக்கம். திருத்தாமல் அடி என்று சொல்லியிருந்தாள். செலீனுக்கு மீன்தலை என்றால் உயிர், கணக்குப் பாடம் வராது, கலியாணத்தன்று சப்பாத்துக் கடித்து வெறுங்காலோடு கோயிலுக்குள் போனாள் என்றெல்லாம் எழுதியிருந்தாள். பிரதீபாவின் குரல் நல்லதாம். டிலானைத் தான் ஒருநாளும் நேரில் கண்டதில்லையாம். கடைசியில் இப்படி இருந்தது: 'தை மாதம் என் தங்கச்சி வெளிக்கிடவா எண்டு என்னைக் கேட்டாள். நான் இருக்கச் சொன்னேன். அக்கா சொன்னபடியால் இருந்தாள்.'

சீமோன் அண்ணை எங்கேயும் இல்லை. நானும் இல்லை. பழி முழுவதையும் அவள் தன் தலையில் போட்டுக்கொண்டிருந்தாள். எங்களுக்கு அதில் ஒரு மூலைகூடத் தரவில்லை. அச்சுப்பிரதியை சீமோன் அண்ணை பிழை பார்க்க வாங்கினார். அந்த வரியில் வந்து நின்றார். பென்சிலைக் கீழே வைத்துவிட்டு என் மேசையிலேயே இருந்து எழுதத் தொடங்கினார். அவர் வாழ்க்கையில் ஒரே இருப்பில் எழுதிய கட்டுரை அது ஒன்றுதான்.

விநாயகமூர்த்தி வாசித்துவிட்டு முகம் கறுத்தார். "விசரே உங்களுக்கு? சனம் ஏற்கனவே செத்துப்போய்க் கிடக்கு. இதைப் போட்டால் பேப்பரைக் கொளுத்துவாங்கள். உங்கடை பாவத்தைக் கோயிலிலை போய்ச் சொல்லுங்கோ." ஏழாம் பக்கத்துக்கு ஒரு அடைமானத் தரகரின் விளம்பரம் தயாராக இருந்தது. அதைப் போடச் சொல்லிவிட்டு ஒரு பிறந்தநாள் விழாவுக்குப் போனார். அச்சகத்துக்குப் பக்கங்களை அனுப்புவது நான். அடைமானத் தரகரை எடுத்துவிட்டு சீமோன் அண்ணையைப் போட்டேன். என் கதிரையில் நான் இருந்த கடைசி வியாழக்கிழமை அதுதான். அதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. அந்தக் கதிரையில் இருந்துகொண்டு இன்னொரு கல்வெட்டு அடிக்க எனக்குத் தெம்பும் இல்லை.

கட்டுரையின் அடியில் அவர் தன் பெயரையும் வீட்டுத் தொலைபேசி இலக்கத்தையும் கொடுத்திருந்தார். ஏச விரும்புகிறவர்கள் எடுக்கலாம் என்று எழுதியிருந்தார். வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு நான் அவருடைய வீட்டுக்குப் போனேன். தனியாக விட மனம் வரவில்லை. அவர் சவரம் செய்து, இஸ்திரி போட்ட சேர்ட்டோடு தொலைபேசிக்குப் பக்கத்தில் இருந்தார். பக்கத்தில் ஒரு கொப்பி.

முதல் அழைப்பில் ஒருவன் தூஷணத்தில் ஏசிவிட்டு வைத்தான். இரண்டாவது ஆள், எதிரியிடம் எவ்வளவு வாங்கினாய் என்று கேட்டான். சீமோன் அண்ணை இரண்டையும் காது கொடுத்துக் கேட்டார். அவர் எதிர்பார்த்தது அதைத்தான். மூன்றாவது ரெக்ஸ்டேலிலிருந்து ஒரு வயதானவர். ஒலிபெருக்கியில் போட்டிருந்தபடியால் எனக்கும் கேட்டது.

"தம்பி, நீங்கள் எழுதினதைப் பார்த்தன். என்ரை இளையவன் தருமபுரத்திலை இருந்தவன். வரட்டோ எண்டு கேட்டவன். படைநோக்கர் இப்பிடிச் சொல்லுறார், இரு எண்டு நான் சொன்னனான்." மூச்சு வாங்கினார். "மனுசிக்கு உது தெரியாது. அவ ஆமியைத் திட்டுறா, இயக்கத்தைத் திட்டுறா, நான் பக்கத்திலை இருந்து ஓம் ஓம் எண்டுறன். ஏழு மாசம். நான் இதை ஆரிட்டைச் சொல்லுறது?"

சீமோன் அண்ணை கொப்பியைத் திறந்தார். "என்னட்டைச் சொல்லுங்கோ ஐயா" என்றார். "மகன்ரை பேர் என்ன?"

கொப்பியில் எழுதினார். பெயர், வயது, இருந்த இடம். அவர் சொல்லி முடிக்க அரை மணித்தியாலம் ஆனது. வைத்தவுடன் அடுத்தது அடித்தது. மார்க்கம் நகரிலிருந்து ஒரு பெண், அண்ணனின் குடும்பத்துக்குச் சொன்னவள். அதற்கடுத்தது மொன்றியலிலிருந்து. யாரோ பக்கத்தைப் படம் பிடித்து அனுப்பியிருக்கிறார்கள். ஏசவென்று எடுத்தவர்கள் அதற்குப் பிறகு இரண்டு மூன்று பேர்தான். மிச்சப்பேர் எல்லோரும் தாங்கள் சொன்னதைச் சொல்ல எடுத்தவர்கள். அக்கா தங்கச்சிக்கு, தகப்பன் மகனுக்கு, ஒருத்தி தன் புருசனுக்கு. கட்டுரை எழுதும்போது அவர் ஒரு எமில்டாவைத்தான் நினைத்திருந்தார்.

மத்தியானம் நான் சோறு போட்டுக் கொடுத்தேன். தொடவில்லை. மூன்று மணிக்குக் கொப்பியில் பத்தொன்பது குடும்பம் இருந்தது. அவர் பேனாவை வைத்துவிட்டு இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். களைத்துப்போயிருந்தார். அப்படி ஒரு களைப்பை நான் அதற்கு முன்னும் பின்னும் ஒருவரிலும் கண்டதில்லை. தொலைபேசி திரும்ப அடித்தது. அவர் கையை நீட்டினார், கை பாதியில் நின்றுவிட்டது. நாலு முறை, ஐந்து முறை அடித்தது.

நான் எடுத்தேன்.

ஒரு பெண் குரல். மிகவும் தாழ்ந்த குரலில், வீட்டில் வேறு யாருக்கும் கேட்கக்கூடாது என்பது போல, "படைநோக்கரோ?" என்று கேட்டாள்.

"ஓம்" என்றேன். கொப்பியை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். "சொல்லுங்கோ."